வரலாற்றுப் பாத்திரமேற்பு ஆட்டங்களில் காதல் விதிகள்

வரலாற்றுப் பாத்திரமேற்பு ஆட்டங்களில் காதல் விதிகள் என்பன, கடந்தகாலச் சமூகம் ஒன்றைக் களமாகக் கொண்ட ஆட்டங்களில் பாத்திரங்களுக்கிடையே காதல், மணம், ஊடல், பிரிவு ஆகியன எவ்வாறு தோன்றி, வளர்ந்து, முடிவடைகின்றன என்பதை வரையறுக்கும் விதிகள் ஆகும். போர், பயணம், வணிகம் ஆகியவற்றுக்கான விதிகளைப் போலவே இவையும் ஆட்டத்தின் ஒரு பகுதியாக அமைகின்றன. எனினும் இவை மனித உறவுகளைக் கையாள்வதால், ஒரு காலத்தின் சமூக ஒழுங்கு, பெண்களின் நிலை, சாதி, உறவுமுறை ஆகியவை பற்றிய தெளிவு இவற்றை அமைப்பதற்குத் தேவைப்படுகின்றது.

தமிழில் இத்தகைய விதிகளுக்கு அடிப்படையாகக் கொள்ளத்தக்க பழமையான விதித்தொகுதி தொல்காப்பியத்தின் அகத்திணை இலக்கணம் ஆகும். இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் காதல், மண விதிகளின் வெவ்வேறு வரலாற்று அடுக்குகள் காணப்படுகின்றன. திருவில்லிபுத்தூரின் பாவை மரபு, வட்டாரத்தின் உறவுமுறை ஒழுங்கு, 1928ஆம் ஆண்டில் அருப்புக்கோட்டைக்கு அருகில் நடைபெற்ற முதல் சுயமரியாதைத் திருமணம் ஆகியன அவை. இவற்றை ஒப்பிடும்போது, காதல் விதியின் மையமான வினா யார் யாரை விரும்புகிறார் என்பதன்று. யார், எங்கே, யாரிடம் பேச உரிமை பெற்றுள்ளார் என்பதே என்பது புலனாகும்.

பாத்திரமேற்பு ஆட்டம்

பாத்திரமேற்பு ஆட்டத்தில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, அதன் நிலையில் இருந்து பேசியும் செயற்பட்டும் கதையை வளர்க்கின்றார். ஆட்டநடத்துநர் ஒருவர் களத்தை விவரித்துப் பிற பாத்திரங்களை ஏற்பார். முடிவு ஐயத்துக்கு உரியதாக இருக்கும்போது பெரும்பாலும் பகடை உருட்டப்படும். இவ்வகை ஆட்டங்களுள் முதலாவதாக வணிகமுறையில் வெளிவந்தது, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (1974) ஆகும். அது போர்ச் சிற்றுருவ ஆட்டங்களில் இருந்து தோன்றியமையால், அதன் விதிகள் பெரும்பாலும் சண்டையைப் பற்றியனவாகவே இருந்தன.

உலக ஆட்டங்களில் காதல் விதிகள்

வரலாற்றுக் களத்தைக் கொண்ட ஆட்டங்கள் தோன்றியதும் காதலுக்கும் மணத்துக்கும் விதிகள் தேவைப்பட்டன. அவற்றுள் குறிப்பிடத்தக்கவை பின்வருமாறு:

- என் கார்ட்! (1975): 17ஆம் நூற்றாண்டுப் பாரிசு நகரைக் களமாகக் கொண்டது. இதில் ஆடவர் பாத்திரங்கள் காதலியைப் பெறுவதன் மூலம் தமது சமூகநிலைப் புள்ளிகளை உயர்த்திக்கொள்கின்றனர். பெண் இங்கே பேசும் பாத்திரம் அல்லள். ஈட்டப்படும் ஒரு நிலை மட்டுமே.
- சிவல்ரி அண்ட் சோர்சரி (1977): இடைக்கால ஐரோப்பாவின் நிலமானியச் சமூகத்தை விரிவாக விதிப்படுத்த முயன்றது. அவைக்களக் காதலும் அதன் பொருள்களுள் ஒன்றாகும்.
- பென்டிராகன் (1985): கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கியது. ஆர்தர் மன்னனின் வீரர்களைப் பற்றியது. ஒவ்வொரு வீரனின் பண்புகளும் வேட்கைகளும் எண்களாகக் குறிக்கப்பட்டு, இருபது பக்கப் பகடையால் சோதிக்கப்படுகின்றன. காதல் ஊக்கம் தரவும் கூடும். சோதனையில் தோற்றவன் துயரிலோ பித்திலோ ஆழவும் கூடும். ஆண்டுதோறும் குளிர்காலக் கட்டத்தில் மணம், மகப்பேறு ஆகியன தீர்மானிக்கப்படுகின்றன. இதனால் ஆட்டம் ஒரு தலைமுறையில் இருந்து அடுத்த தலைமுறைக்குத் தொடர்கின்றது.
- குருசேடர் கிங்ஸ் (2004): கணினி விளையாட்டு. இதில் மணம் முதன்மையாக அரச குடும்பங்களுக்கு இடையேயான உடன்பாடு ஆகும்.
- குட் சொசைட்டி (2018): ஜேன் ஆஸ்டினின் புதினங்களின் உலகைக் களமாகக் கொண்டது. மதிப்பு, வதந்தி, கடிதம் ஆகியன இங்கு விதிகளின் மையமாக உள்ளன.

இவ்வரிசையில் ஒரு மாற்றம் தெரிகின்றது. தொடக்ககால ஆட்டம் காதலைப் பரிசாகக் கருதியது. பிற்கால ஆட்டம் காதலைச் சூழ்ந்துள்ள ஊராரின் பேச்சையும் குடும்பத்தின் தடையையும் விதிப்படுத்தியது.

காதலை விதிகளாக எழுதும் வழக்கம் ஆட்டங்களைக் காட்டிலும் மிகப் பழமையானது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆந்திரேயாசு கப்பெல்லானுசு இலத்தீன் மொழியில் எழுதிய நூல் காதலுக்கு 31 விதிகளைத் தருகின்றது. 1654ஆம் ஆண்டில் மதலேன் டி இசுகுதேரியின் பிரெஞ்சுப் புதினம் ஒன்றில் வெளியான நிலப்படம், காதலின் நிலைகளை ஊர்களாகவும் ஆறுகளாகவும் காட்டியது. உணர்வை நிலத்தோடு இணைக்கும் இம்முறை, தமிழில் திணை என்னும் பெயரில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே முழுமையான இலக்கணமாக வகுக்கப்பட்டிருந்தது.

அகத்திணை: ஒரு விதித்தொகுதி

தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் ஒன்பது இயல்களைக் கொண்டது. அவற்றுள் அகத்திணையியல், களவியல், கற்பியல், பொருளியல் ஆகியன காதல் வாழ்வைப் பற்றியன. மெய்ப்பாட்டியலும் செய்யுளியலும் இதற்குத் துணைசெய்கின்றன. இவை செய்யுள் இயற்றுவதற்கான விதிகளே. மக்கள் வாழ்வுக்கான சட்டங்கள் அல்ல. ஆயினும் ஒரு புலவர் தலைவியாகவோ தோழியாகவோ நின்று பேசுவதற்குரிய வரையறைகளாக இருப்பதால், பாத்திரமேற்பு ஆட்டத்தின் விதிகளோடு இவை பெரிதும் ஒத்துள்ளன.

பெயரற்ற பாத்திரங்கள்

அன்பின் ஐந்திணையில் எவரையும் இயற்பெயர் சுட்டிக் கூறுதல் கூடாது. தலைவன், தலைவி, தோழி, பாங்கன், செவிலி, நற்றாய் எனப் பாத்திரங்கள் அவர்தம் நிலையால் மட்டுமே குறிக்கப்படுகின்றனர். இதனால் எவரும் எப்பாத்திரத்தையும் ஏற்கலாம். ஆண்பாற் புலவர் தலைவி கூற்றாகவும், பெண்பாற் புலவர் தலைவன் கூற்றாகவும் பாடுதற்கு இம்மரபு இடம் தருகின்றது.

நிலமும் பொழுதும்

முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூவகைப் பொருள்கள் உள்ளன. நிலமும் பொழுதும் முதற்பொருள் ஆகும். ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் ஒழுக்கம் உரியது.

- குறிஞ்சி: மலை, யாமம், புணர்தல்
- முல்லை: காடு, மாலை, இருத்தல்
- பாலை: வறண்ட நிலம், நண்பகல், பிரிதல்
- மருதம்: வயல்; வைகறை; ஊடல்
- நெய்தல்: கடற்கரை; எற்பாடு; இரங்கல்

ஆட்ட வடிவமைப்பில் இதன் பயன் தெளிவானது. களத்தை விவரிக்கும்போதே, அக்காட்சியில் எவ்வகை உணர்வு எதிர்பார்க்கப்படுகிறது என்பதை ஆட்டக்காரர் அறிந்துகொள்கின்றார். தலைவன் பொருள்தேடிப் பிரியும் காட்சி நண்பகல் வெயிலில் தொடங்கும். தலைவி காத்திருக்கும் காட்சி கார்கால மாலையில் அமையும்.

கூற்று உரிமை

அகத்திணையின் மிக நுட்பமான பகுதி, யார் பேசலாம் என்பதை வரையறுக்கும் பகுதியாகும். களவில் பேசும் உரிமை உடையோர் அறுவர்: பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி. கற்பில் பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் ஆகிய அறுவர் கூடுகின்றனர். ஊரார், அயலார், சேரியார், தந்தை, தமையன் ஆகியோருக்கு நேரடிக் கூற்று இல்லை. அவர்கள் கூறியதாகப் பிறர் எடுத்துரைக்கலாம், அவ்வளவே.

தலைவியின் வாழ்வை முடிவுசெய்யும் ஆற்றல் தந்தைக்கும் தமையன்மாருக்கும் உண்டு. ஆனால் கவிதையில் அவர்கள் வாய்திறப்பதில்லை. தடை எப்போதும் இருப்பதாக உணரப்படுகிறது. ஆனால் காட்சியின் நடுவே வந்து நிற்பதில்லை. ஆட்டநடத்துநர் தந்தை பாத்திரத்தை ஏற்றுக் கட்டளையிடுவதைக் காட்டிலும், தந்தை சினந்தார் என்ற செய்தியைச் செவிலி கொண்டுவருவது காட்சியைத் தலைவியின் கையிலேயே விட்டுவைக்கும்.

இதே விதிகள் தலைவியின் பேச்சையும் கட்டுப்படுத்துகின்றன. தலைவன் முன்னிலையில் தன் வேட்கையைத் தானே எடுத்துரைத்தல் தலைவிக்கு இல்லை எனத் தொல்காப்பியம் கூறுகின்றது. எனவே தோழியின் துணை இன்றியமையாதது ஆகின்றது. தலைவன் வேலிப்புறத்தே மறைந்து நிற்க, தலைவி தோழியிடம் பேசுவதுபோல் அவனுக்குக் கேட்கும்படி பேசும் முறை சிறைப்புறம் எனப்படும். நேரடிப் பேச்சு மறுக்கப்பட்ட ஒருத்தி, அவ்விதியை மீறாமலேயே தன் கருத்தைத் தெரிவிக்கும் வழி இது. ஒரு தடை எவ்வாறு புதிய ஆட்டமுறையைத் தோற்றுவிக்கும் என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.

களவின் படிகளும் தடைகளும்

களவு இயற்கைப் புணர்ச்சி, இடந்தலைப்பாடு, பாங்கற் கூட்டம், பாங்கியிற் கூட்டம் என நான்கு வகைப்படும். சந்திக்கும் இடம் குறி எனப்படும். அது பகற்குறி, இரவுக்குறி என இருவகை. தலைவன் தரும் ஒலிக்குறிப்பை ஒத்த ஒலி இயற்கையாகவே எழ, தலைவி ஏமாந்து வந்து திரும்புதல் அல்லகுறி எனப்படும். பகடை தவறாக விழும்போது என்ன நிகழும் என்னும் வினாவுக்கு இது ஆயத்தமான விடை ஆகும். தோல்வி என்பது காதல் குறைவதன்று, சந்திப்பு தவறுவதே.

ஊரில் மெல்ல எழும் பேச்சு அம்பல். அது வெளிப்படையாகப் பரவினால் அலர். அலர் மிகுந்தால் தலைவி வீட்டுக்குள் காக்கப்படுவாள், இது இற்செறிப்பு. அவளது மெலிவைக் கண்ட தாயர் முருகன் அணங்கினன் எனக் கருதி வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துவர். இந்நிலையில் உண்மை வெளிப்பட்டாக வேண்டும். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையனுக்கும் எனப் படிப்படியாக உண்மை உரைக்கப்படும். இது அறத்தொடு நிற்றல் ஆகும்.

இறையனார் களவியல் என்னும் நூல் களவுக்கு இரண்டு திங்கள் எல்லை வகுக்கின்றது. இதனை ஆட்ட விதியாக மாற்றுவது எளிது. ஒவ்வொரு சந்திப்பும் அலரை ஒரு படி உயர்த்தும்; காலம் ஒருபுறம் குறைந்துகொண்டே வரும். எல்லைக்குள் வரைவு என்னும் மண முயற்சி, அறத்தொடு நிற்றல், உடன்போக்கு ஆகிய மூன்றனுள் ஒன்று தெரிவுசெய்யப்பட வேண்டும்.

எல்லைக்கு அப்பால்

ஐந்திணைக்கு வெளியே கைக்கிளை, பெருந்திணை ஆகியன வைக்கப்பட்டுள்ளன. காதலை அறியும் பருவம் எய்தாத இளையவளிடம் ஒருவன் தன் வேட்கையைக் கூறி மறுமொழி பெறாது நிற்றல் கைக்கிளை. பொருந்தாத காமமும், எல்லை மீறிய வேட்கையால் வலிந்து கொள்ளுதலும் பெருந்திணையைச் சேர்ந்தன. மடலேறுவேன் என்று தலைவன் கூறுவது ஐந்திணைக்குள் அடங்கும்; உண்மையாகவே மடல் ஏறினால் அது பெருந்திணை ஆகிவிடும். சொல்லுக்கும் செயலுக்கும் இடையே இவ்வாறு கோடு இழுக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

கற்பியலில் மணச் சடங்கு கரணம் எனப்படுகின்றது. மக்களிடையே பொய்ம்மையும் தவறும் தலைகாட்டிய பின்னரே சடங்கு வகுக்கப்பட்டது என்பது தொல்காப்பியம் தரும் விளக்கம். உடன்போக்கில், பெண்ணைக் கொடுப்போர் இல்லாமலும் கரணம் நிகழலாம் என்றும் அது கூறுகின்றது. இவ்விரண்டு கருத்துகளும் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் விருதுநகர் வட்டாரத்தில் எழுந்த வினாக்களுக்கு நெருக்கமானவை.

திருவில்லிபுத்தூரும் அனுகாரமும்

விருதுநகர் மாவட்டத்தில் உள்ள திருவில்லிபுத்தூர், ஆழ்வார்களுள் பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய ஊர் ஆகும். ஆண்டாள் பொதுவாக 8 அல்லது 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படுகின்றார். அவர் 30 பாசுரங்கள் கொண்ட திருப்பாவையையும் 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியையும் இயற்றினார்.

திருப்பாவையில் திருவில்லிபுத்தூர் ஆயர்பாடியாகவும், ஆண்டாளும் தோழியரும் ஆயர் சிறுமியராகவும், வடபத்ரசாயி கோயில் நந்தகோபனின் மாளிகையாகவும் கொள்ளப்படுகின்றன. இவ்வாறு வேறொரு காலத்தின் மாந்தராகத் தம்மைப் பாவித்து ஒழுகுதலை வைணவ மரபு அனுகாரம் என்னும் சொல்லால் குறிக்கின்றது. வரலாற்றுப் பாத்திரமேற்புக்கு இதைவிட நெருங்கிய பழஞ்சொல்லைக் காண்பது அரிது. இது பொழுதுபோக்கு ஆட்டம் அன்று, வழிபாடு. எனினும் இடம், பாத்திரம், நோன்பு விதி, படிநிலை ஆகிய நான்கும் இதில் தெளிவாக உள்ளன. சிறுமியர் முதலில் உறங்கும் தோழியரை ஒவ்வொருவராக எழுப்புகின்றனர். பின்னர் வாயில்காப்போன், நந்தகோபன், யசோதை, பலதேவன், நப்பின்னை என ஒவ்வொரு நிலையாகக் கடந்தே கண்ணனை அடைகின்றனர்.

நாச்சியார் திருமொழியில் காதலின் பல முயற்சிகள் தனித்தனிப் பதிகங்களாக அமைந்துள்ளன. காமனை நோக்கிய நோன்பு, சிற்றில் சிதைக்க வேண்டா என்னும் வேண்டுகோள், கூடல் இழைத்தல், குயிலிடம் வேண்டுதல், திருமணக் கனவு, மேகத்தைத் தூதுவிடுதல் ஆகியன அவற்றுள் சில. கூடல் இழைத்தல் என்பது கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் வரைந்து, முனைகள் கூடினால் காதலர் கூடுவர் எனக் குறிபார்க்கும் மகளிர் வழக்கம் ஆகும். சுழிகளை எண்ணி இரட்டையா ஒற்றையா எனப் பார்ப்பதும் உண்டு. காதலின் முடிவைத் தற்செயலிடம் கேட்கும் இவ்வழக்கம், பகடை உருட்டுதலின் தன்மையை உடையது. ஆனால் கூடல் விடையை மட்டுமே கூறும். காதலனின் மனத்தை மாற்றாது.

இங்கு அகத்திணையின் விதி ஒன்று மாறுகின்றது. தோழி வழியாக அன்றி, தலைவியே தன் வேட்கையை வெளிப்படையாகக் கூறுகின்றார். அவர் இயற்பெயரோடும் ஊர்ப்பெயரோடும் பேசுகின்றார். பெயரற்ற தலைவிக்குரிய கட்டுப்பாடு, பெயருடைய பெண்ணிடம் தளர்ந்துவிடுகின்றது. திருவில்லிபுத்தூரில் பங்குனி உத்திரத்தன்று ஆண்டாள் ரெங்கமன்னார் திருக்கல்யாணம் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது.

முறை

தமிழக ஊர்களில் மண உறவின் அடிப்படை விதி முறை என்பதாகும். உறவினர் பங்காளிகள் எனவும் மாமன் மச்சான் உறவினர் எனவும் இரு பகுதியினராகப் பிரிக்கப்படுகின்றனர். தந்தையின் உடன்பிறந்த ஆண்களின் மக்கள் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை ஆவர். அவர்களுள் மணம் கூடாது. மாமன் மகள், அத்தை மகள் ஆகியோர் முறைப்பெண்கள். மானிடவியலில் இது திராவிட உறவுமுறை என அழைக்கப்படுகின்றது. லூயி துய்மோன், தாமசு டிரவுட்மன் ஆகியோரின் ஆய்வுகள் இத்துறையில் முதன்மையானவை.

ஆட்ட வடிவமைப்பில் இவ்வொழுங்கு மிகவும் பயனுடையது. இரண்டு பாத்திரங்கள் சந்திக்கும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது, அவர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு அழைப்பர் என்பதே. மச்சான் என்று அழைக்கப்படுபவரிடம் கேலி பேசலாம். அண்ணன் என்று அழைக்கப்படுபவரிடம் அவ்வாறு பேச இயலாது. ஆகவே அழைக்கும் சொல்லே ஓர் அனுமதி ஆகின்றது. முறைமாமனுக்கு மணஉரிமை உண்டு என்னும் எண்ணம், வேறொருவரை விரும்பும் பெண்ணுக்குத் தடையாகின்றது. பரிசம், தாய்மாமன் சீர், மொய் ஆகியன குடும்பங்களுக்கு இடையேயான கடப்பாடுகளைப் பதிவுசெய்கின்றன. குறிப்பாக மொய்யேடு, எக்குடும்பம் எக்குடும்பத்துக்குக் கடமைப்பட்டுள்ளது என்பதைக் காட்டும் ஒரு கணக்கு ஆகும். ஆட்டத்திலும் அதனை அவ்வாறே பயன்படுத்தலாம்.

1920களின் விருதுநகர் வட்டாரம்

அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த இவ்வட்டாரம் 1985ஆம் ஆண்டில் தனி மாவட்டம் ஆனது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களில் வணிகம் செய்த நாடார் சமூகத்தினர் உறவின்முறை என்னும் அமைப்பின்கீழ் இணைந்திருந்தனர். வணிகத்தில் இருந்து மகமை என்னும் பொதுநிதி திரட்டப்பட்டது. 1889ஆம் ஆண்டில் விருதுநகரில் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலை இவ்வமைப்பின் கல்விப் பணிகளுள் ஒன்று. கோயில் நுழைவு தொடர்பான பூசல்கள் 1899ஆம் ஆண்டில் சிவகாசிக் கலவரமாக வெடித்தன. 1923ஆம் ஆண்டளவில் அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோர் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். உரிமம் பெற்ற பட்டாசுத் தொழிற்சாலைகள் 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்குப் பின்னரே பெருகின. ஆகவே 1920களைக் களமாகக் கொள்ளும் ஆட்டத்தில் பெரிய பட்டாசுத் தொழிற்சாலை இடம்பெற்றால் அது காலமுரண் ஆகும்.

இதே காலத்தில் மணத்தின் விதிகள் வெளிப்படையாகவே கேள்விக்கு உள்ளாயின. 1928ஆம் ஆண்டில் அருப்புக்கோட்டைக்கு அருகில் உள்ள சுக்கிலநத்தம் என்னும் சிற்றூரில் பெரியார் ஈ. வெ. இராமசாமி தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடைபெற்றது. புரோகிதர், மந்திரம், சடங்கு ஆகியன விலக்கப்பட்டன. வைதிக மணத்தில் கன்னிகாதானம் என்பது தந்தை மகளைக் கொடையாக அளித்தலைக் குறிக்கும். சுயமரியாதைத் திருமணத்தில் பெண் கொடுக்கப்படுபவர் அல்லர்; உறுதிமொழி கூறி மணப்பவர். அகத்திணையில் நேரடிக் கூற்று மறுக்கப்பட்ட தலைவியின் சொல், இங்கு மணத்தையே நிகழ்த்தும் சொல்லாகின்றது.

1929ஆம் ஆண்டில் செங்கற்பட்டில் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார் தலைமையில் நடைபெற்ற முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணின் மணவயதை உயர்த்துதல், மணவிலக்கு உரிமை, கைம்பெண் மறுமணம் ஆகியவற்றை வலியுறுத்தியது. மூன்றாவது மாநாடு 1931ஆம் ஆண்டில் விருதுநகரிலேயே கூடியது. 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குழந்தைமணத் தடைச் சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 எனக் குறைந்த வயதை வரையறுத்தது.

எனினும் புதிய விதியை ஊர் ஏற்பதும் சட்டம் ஏற்பதும் ஒன்றல்ல. 1953ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் இவ்வகைத் திருமணம் சட்டப்படி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. இதனால் இம்முறையில் மணந்தோரின் வாரிசுரிமை ஐயத்துக்கு உள்ளாயிற்று. சி. என். அண்ணாதுரை ஆட்சியில் 1967ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்த்தது. 1968ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இத்திருத்தத்தின்படி, உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகக் கூறினால் போதும். மாலை மாற்றுதல், மோதிரம் அணிவித்தல் அல்லது தாலி கட்டுதல் மூலமும் மணம் நிறைவேறலாம். முன்னர் நடந்த திருமணங்களுக்கும் இச்சட்டம் ஏற்பு அளித்தது. 2023ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், இத்தகைய மணத்துக்குப் பொது அறிவிப்போ பெருங்கூட்டமோ தேவையில்லை எனத் தெளிவுபடுத்தியது.

விதி அமைப்பில் கவனிக்கத்தக்கவை

மேற்கண்ட மரபுகளில் இருந்து வரலாற்று ஆட்டங்களுக்குப் பொருந்தும் சில நெறிகளைப் பெறலாம்.

- பகடை தீர்மானிக்க வேண்டியது சந்திப்பு நிகழ்கிறதா, செய்தி சேர்கிறதா, ஊர் அறிகிறதா என்பவற்றையே. ஒரு பாத்திரம் மற்றொன்றை விரும்புகிறதா என்பதை அப்பாத்திரத்தை ஏற்றவரே தீர்மானிக்க வேண்டும். மறுமொழி இல்லாத காதல் கைக்கிளையாகவே நிற்கும்.
- ஒவ்வொரு பாத்திரத்துக்கும் யாரிடம் நேரடியாகப் பேசலாம், யார் வழியாகப் பேச வேண்டும் என்பது முன்னரே குறிக்கப்பட வேண்டும்.
- தோழிக்குத் தனி ஆட்டக்காரர் இருத்தல் நன்று. அவர் துணைப்பாத்திரம் அல்லர். செய்தி அனைத்தும் அவர் வழியாகவே செல்கின்றது.
- மணத்தின் முடிவில் மூன்று வினாக்கள் தனித்தனியே விடைபெற வேண்டும்: இருவரும் இசைந்தனரா, ஊரும் உறவும் ஏற்றனவா, சட்டம் ஏற்றதா. 1928க்கும் 1968க்கும் இடையில் நடைபெறும் கதையில் இவ்விடைகள் முரண்படக் கூடும்.
- பழைய விதியை மீறுவதற்கும் விதி வேண்டும். உடன்போக்கும் சுயமரியாதைத் திருமணமும் வரலாற்றுக்குப் புறம்பானவை அல்ல. அவை வரலாற்றின் பகுதிகளே.

சிக்கல்கள்

வரலாற்றுத் துல்லியம் என்னும் பெயரில் பெண் பாத்திரங்களின் தெரிவுரிமையை நீக்கிவிடுவது இவ்வகை ஆட்டங்களில் அடிக்கடி காணப்படும் குறை ஆகும். கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலத்திலும் பெண்கள் சிறைப்புறமாகப் பேசினர், தோழியை அனுப்பினர், உடன்போயினர் என்பதை அகப்பாடல்கள் காட்டுகின்றன. தடையை மட்டும் விதியாக்கி, அதனைக் கடக்கும் வழியை விட்டுவிடும் ஆட்டம் வரலாற்றில் பாதியையே காட்டுகின்றது.

மற்றொரு சிக்கல் சாதி. காதலர்க்குரிய பத்து ஒப்புகளைக் கூறும் தொல்காப்பியம் பிறப்பையும் குடிமையையும் அவற்றுள் முன்வைக்கின்றது. சாதியை நீக்கிவிட்டு 1920களின் விருதுநகர் வட்டாரத்தைச் சித்தரித்தால், சுக்கிலநத்தம் திருமணம் ஏன் தேவைப்பட்டது என்பதே விளங்காமற் போகும். அதேவேளை சாதியை வெறும் புள்ளிகளாக எண்ணினால் இழிவே ஆட்டமாகிவிடும். அதனை ஒரு பாத்திரத்தின் மதிப்பாகக் குறிக்காமல், பிறர் எழுப்பும் தடையாக அமைப்பது இதற்கு ஒரு தீர்வாகும்.

வயது பற்றிய விதி களத்தின் காலத்தைப் பொறுத்ததன்று. ஆடுவோரின் காலத்தைப் பொறுத்தது. குழந்தைமணம் வழக்கில் இருந்த காலத்தைக் களமாகக் கொண்டாலும், காதல் காட்சிகளில் வயது வந்த பாத்திரங்களே இடம்பெற வேண்டும் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. அவ்வாறே, எவையெவை ஆட்டத்தில் இடம்பெறா, எவையெவை திரைக்குப் பின்னால் மட்டும் நிகழும் என்பதை ஆடுவோர் தொடக்கத்திலேயே பேசி முடிவுசெய்கின்றனர். விரும்பாத காட்சியை எவரும் காரணம் கூறாமல் நிறுத்தும் எக்ஸ்-அட்டை முறையும் பயன்பாட்டில் உள்ளது. பாத்திரம் பேச இயலாத இடத்திலும், அப்பாத்திரத்தை ஏற்றவர் பேசும் உரிமையை இழப்பதில்லை என்பதே இவ்விதிகளின் அடிப்படை ஆகும்.